செல்போனில் ஐகான் மாயம்! படமும் மாயம்! பதறினால் மொத்தமும் போகும். பொறுத்தால் 30 நாள் தவணை உண்டு!

உழவர்கரை,–

சாயங்காலம் ஆறரை மணி. வில்லியனூர் சாலையில் பஸ்சும் மொபெட்டும் முட்டி மோதிக் கொண்டு போகின்றன. இந்திரா காந்தி சிலையில் இருந்து ரெட்டியார்பாளையம், மூலக்குளம் பக்கம் வீடு திரும்புகிற கூட்டம்.

மூலக்குளத்தில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக் கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். எந்தத் தெருக் கடைக்கும் பொருந்துகிற கதை இது.

கடை வாசலில் ஏழெட்டுப் பேர். 340 ரூபாய்க்குச் சாமான் வாங்கிய ஒரு அம்மா, "ஸ்கேன் பண்ணிட்டேன், பாருங்க" என்றார். சரி பார்க்கலாம் என்று கடைக்கார அண்ணாச்சி செல்போனை எடுத்தார். திடுக்கிட்டார்!

பணம் வந்ததைப் பார்க்கும் 'ஆப்'பின் ஐகானைக் காணோம்! காலையில் இருந்த இடத்தில் வெறும் பூப்படம்தான் இருந்தது.

"அய்யய்யோ! பேங்குப் பணம் எல்லாம் போச்சா?" என்று அண்ணாச்சி அலறி விட்டார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பகலெல்லாம் அந்தப் போனை வைத்து விளையாடிய பேத்தி, கல்லாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து கொண்டாள்.

பால் பாக்கெட் வாங்க வந்த கல்லூரி மாணவர் ஒருவர், "போனைக் கொடுங்க அண்ணாச்சி. பணம் எங்கேயும் போகல" என்றார்.

பலகைதான் போச்சு; கடை இருக்கு!

மாணவர் சொன்னது சரிதான். ஐகான் என்பது கடைவாசல் பெயர்ப் பலகை மாதிரி. பலகையைக் கழற்றினால் உள்ளே இருக்கிற சரக்கு காலி ஆகி விடாது.

ஆண்ட்ராய்டு போனில் ஐகானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் 'ரிமூவ்', 'அன்இன்ஸ்டால்' என்று இரண்டு வரும். 'ரிமூவ்' என்றால் பலகை மட்டும் போகும். 'அன்இன்ஸ்டால்' என்றால் கடையே காலி. குழந்தைகள் விரல் பெரும்பாலும் முதலாவதில்தான் படுகிறது.

மாணவர் போனின் அடியில் இருந்து மேலே விரலால் தள்ளினார். எல்லா ஆப்களின் பட்டியலும் வந்தது. மேலே உள்ள தேடும் கட்டத்தில் பெயரை அடித்தார். காணாமல் போன ஆப் பல்லைக் காட்டியது! அதை அழுத்திப் பிடித்து முகப்புக்கு இழுத்து வைத்தார். அரை நிமிட வேலை.

"340 வந்திருக்கு அண்ணாச்சி."

அந்த அம்மா பையைத் தூக்கிக் கொண்டு கிளம்பினார். கூட்டமும் கலைந்தது.

பட்டியலிலும் இல்லையா?

அங்கேயும் இல்லை என்றால் நாலு இடம் பார்க்க வேண்டும்.

ஒன்று: ஆப்பை யாராவது மறைத்து வைத்திருக்கலாம். சாம்சங் போனில் முகப்பின் செட்டிங்சுக்குள் 'ஹைட் ஆப்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. அங்கே போய் மறைவை எடுத்து விடலாம்.

இரண்டு: ஆப் முடக்கப்பட்டு இருக்கலாம். 'செட்டிங்ஸ்', பிறகு 'ஆப்ஸ்' என்று போனால் முடங்கிய ஆப்பின் பெயர் தெரியும். 'எனேபிள்' என்பதைத் தொட்டால் எழுந்து விடும்.

மூன்று: போனில் இடம் பற்றாமல் போனால், வெகுநாள் தொடாத ஆப்பை போனே சுருட்டி வைத்து விடும். ஆண்ட்ராய்டில் இந்த வசதி 2023-ல் வந்தது. ஐகானில் சின்ன மேகப் படம் தெரியும். அதைத் தொட்டால் ஆப் திரும்ப இறங்கும். உள்ளே இருந்த விவரங்கள் அப்படியே இருக்கும்.

நான்கு: நிஜமாகவே அழிந்திருந்தால் பிளே ஸ்டோருக்குப் போய், உங்கள் படத்தைத் தொட்டு, 'மேனேஜ் ஆப்ஸ்' பகுதிக்குள் 'நாட் இன்ஸ்டால்டு' பட்டியலைப் பார்க்க வேண்டும். முன்பு வைத்திருந்த ஆப் எல்லாம் அங்கே இருக்கும். எதைத் தொலைத்தோம் என்று பெயர் மறந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

ஐபோன்காரர்கள் முகப்பைக் கடைசி வரை இடப்பக்கம் தள்ளினால் 'ஆப் லைப்ரரி' வரும். 2020 முதல் இந்த வசதி இருக்கிறது. முகப்பில் இல்லாததும் அங்கே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. சில போன்களில் மேலே தள்ளினால் பட்டியல் வராது. எல்லாமே முகப்பில்தான். அந்த வகையில் ஐகானை எடுத்தால் ஆப்பும் சேர்ந்து போய் விடும்.

பணம் பத்திரமா?

பணம் செலுத்தும் ஆப்பே அழிந்தாலும் பணத்துக்கு ஒன்றும் ஆகாது. பணம் இருப்பது வங்கியில். ஆப் வெறும் ஜன்னல். கடையில் ஒட்டிய ஸ்டிக்கரும் வங்கிக் கணக்கோடு சேர்ந்தது. ஐகான் போனதால் அது அறுந்து விடாது.

ஆப்பைத் திரும்ப ஏற்றும்போது ஒன்று முக்கியம். வங்கியில் கொடுத்த நம்பரின் சிம் அந்தப் போனிலேயே இருக்க வேண்டும். அதில் இருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போய்த்தான் ஆள் சரியா என்று பார்ப்பார்கள்.

அடுத்த இடி!

அண்ணாச்சி நிம்மதியாக மூச்சு விட்டார். பழைய பாக்கிக் கணக்கைப் பார்க்கலாம் என்று படங்களைத் திறந்தார். மறுபடியும் அலறல்!

"டேய்! கணக்கு நோட்டுப் படம் எங்கேடா?"

2024 நவம்பர் 30-ந்தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாழ்வான இடங்களில் வீடும் கடையும் தண்ணீரில் நின்றன. அந்த மழையில் அண்ணாச்சியின் கணக்கு நோட்டு ஊறிக் கூழாகி விட்டது. அன்று முதல் பாக்கிக் கணக்கை எழுதியதும் பக்கத்தைப் படம் பிடித்து வைப்பார். நோட்டு தீர்ந்தால் பழைய நோட்டைக் கடாசி விடுவார். தெருவே அவரிடம் கடன் வைத்திருக்கிறது. அத்தனையும் அந்தப் படங்களில்.

மகன் தலையைச் சொறிந்தான். "போன்ல இடம் இல்லைன்னு காட்டுச்சுப்பா. ஒரே மாதிரி பேப்பர் படமா இருந்துச்சு. குப்பைன்னு நினைச்சு டெலிட் பண்ணிட்டேன்."

"எப்போ?"

"போன மாசம்."

அண்ணாச்சி கல்லாவில் அப்படியே உட்கார்ந்து விட்டார்.

30 நாள் கெடு!

போனில் அழித்த படம் உடனே போவதில்லை. முதலில் குப்பைத் தொட்டிக்குப் போகும். வீட்டுக் குப்பை நகராட்சி வண்டி வரும் வரை வாசலில் இருப்பதைப் போலத்தான். வண்டி வந்து விட்டால் திரும்பாது.

எந்தத் தொட்டிக்கு எத்தனை நாள்?

சாம்சங் கேலரியில் 'ட்ராஷ்' 30 நாள். ஐபோனில் 'ரீசன்ட்லி டெலிடட்' 30 நாள். 'ஃபைல்ஸ் பை கூகுள்' ஆப்பில் 30 நாள். கூகுள் டிரைவில் 2020 அக்டோபர் முதல் 30 நாள். கூகுள் போட்டோசில், மேலே ஏற்றி வைத்த படத்துக்கு 60 நாள். ஏற்றாததற்கு 30 நாள். அழித்த போன் நம்பருக்கும் கூகுள் காண்டாக்ட்சில் 30 நாள் தவணை உண்டு.

ஒரு தொட்டியில் இல்லை என்றால் அடுத்த தொட்டியைப் பார்க்க வேண்டும். எந்த ஆப்பில் அழித்தோமோ அந்த ஆப்பின் தொட்டியில்தான் கிடக்கும்.

மாணவர் கேலரியின் தொட்டியைத் திறந்தார். படங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண். '2 நாள்'!

இன்னும் இரண்டு நாள் கழித்துப் பார்த்திருந்தால் கணக்கு கோவிந்தா! அத்தனையையும் தேர்ந்தெடுத்து 'ரெஸ்டோர்' தட்டினார். பாக்கிக் கணக்கு பக்கம் பக்கமாகத் திரும்பி வந்தது.

"அது போச்சு அண்ணாச்சி"

அண்ணாச்சி மெல்லக் கேட்டார். "தம்பி, எங்க ஆத்தா பேசின வீடியோ ஒண்ணு இருந்துச்சு. நானே எடுத்தது. ரெண்டு வருஷம் முன்னாடி. அதையும் இவன் போன தீபாவளி சமயம் அழிச்சுட்டான். ஆத்தா இப்ப இல்ல."

மாணவர் எல்லாத் தொட்டியையும் பார்த்தார். 'டவுன்லோட்' பெட்டியில் தேடினார். மெமரி கார்டு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

"இல்ல அண்ணாச்சி. இந்தப் போன்ல அது போச்சு."

ஏன் அப்படி? முன்பெல்லாம் கம்ப்யூட்டரில் ஒன்றை அழித்தால், பேரேட்டின் முன்பக்க அட்டவணையில் பெயரை மட்டும் அடித்த மாதிரி. உள்ளே பக்கம் இருக்கும். தோண்டி எடுக்கலாம். இன்றைய போன் ஒவ்வொரு படத்தையும் பூட்டு போட்டு வைக்கிறது. தொட்டியில் இருந்தும் அழிந்தால் சாவியும் சேர்ந்து போகும். பெட்டியை உடைத்தாலும் உள்ளே புரியாத எழுத்துதான் இருக்கும்.

மெமரி கார்டு வேறு கதை. பூட்டு போடாத கார்டில் அழிந்த படத்தை மீட்க வழி உண்டு. கார்டை உடனே கழற்றி விட வேண்டும். அதன் மேல் புதிதாக ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் செருகி 'போட்டோரெக்' என்ற நிரலை ஓட்டிப் பார்க்கலாம். அது பிரான்ஸ்காரர் கிறிஸ்தோப் கிரெனியே எழுதி இலவசமாக விட்டது. நம் ஊருக்கும் பிரான்சுக்கும் உள்ள பழைய உறவில் இப்படியும் ஒரு லாபம்!

காசு பிடுங்கும் கும்பல்

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "அழிந்த படத்தை மீட்டுத் தருகிறேன்" என்கிற ஆப்கள் ஏராளம். போனுக்குள் மிச்சம் இருக்கிற மங்கலான சின்னப் படங்களைக் காட்டி, "பணம் கட்டு, பெரிசாத் தருகிறேன்" என்கின்றன. கட்டியவருக்கு மிஞ்சுவது அதே மங்கல் படம்.

இன்னொரு வகை இன்னும் மோசம். இணையத்தில் தேடிக் கிடைத்த 'கஸ்டமர் கேர்' நம்பருக்குப் பேசினால், "போன் திரையை எங்களுக்குக் காட்டும் ஆப்பைப் போடுங்கள்" என்பார்கள். போட்டால் பணம் காலி. இப்படித் திரையைக் காட்டும் ஆப் மூலம் நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

வாட்ஸ்அப்பில் வரும் 'கல்யாணப் பத்திரிகை'யும் ஆபத்து. ஏ.பி.கே. என்று முடியும் ஃபைலாக இருந்தால் தொடவே கூடாது. அது ஆப். ஏற்றியதும் தன் ஐகானை மறைத்துக் கொண்டு உள்ளேயே உட்கார்ந்து விடும். 2024-ல் பல மாநிலப் போலீசார் இதைப் பற்றி எச்சரித்தார்கள். பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.

பெரிய கம்பெனியும் தப்பவில்லை

தொலைப்பது நாம் மட்டும் அல்ல. 2023 நவம்பரில், கம்ப்யூட்டரில் கூகுள் டிரைவ் வைத்திருந்த சிலரின் ஃபைல்கள் காணாமல் போயின. கூகுளே ஒப்புக் கொண்டு மீட்கும் வழி சொன்னது.

2024 மே மாதம் ஐபோனில் தலைகீழ்க் கூத்து! அழித்த பழைய படங்கள் சிலருக்குத் தாமாகவே திரும்பி வந்தன. ஆப்பிள் அதே மாதம் அதைச் சரி செய்தது.

முன்னெச்சரிக்கை இதுதான்

முக்கியமான படம் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். கூகுளில் 15 ஜி.பி. இடம் இலவசம். அதில் படம், மெயில், வாட்ஸ்அப் காப்பு எல்லாம் சேர்ந்துதான். நிரம்பினால் புதுப் படம் ஏறாது. ஆகவே மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' வேறு, 'டெலிட்' வேறு. முதலாவது போனில் மட்டும் எடுக்கும். மேலே பிரதி இருக்கும். கூகுள் போட்டோசில் 'டெலிட்' செய்தால் இரண்டு இடத்திலும் போகும்.

வாட்ஸ்அப்பில் 'டெலிட் ஃபார் மீ' தவறிப் பட்டால் ஐந்து வினாடிக்குள் 'அன்டூ' தொடலாம். ஆதார், டிரைவிங் லைசென்ஸ் படம் அழிந்தால் கவலை வேண்டாம். டிஜிலாக்கரில் மறுபடி எடுத்துக் கொள்ளலாம்.

குழந்தை கையில் போனைக் கொடுக்கிற வீட்டில், சாம்சங்காக இருந்தால் முகப்புச் செட்டிங்சில் 'லாக் ஹோம் ஸ்க்ரீன் லேஅவுட்' போட்டு விடுங்கள். ஐகான் நகராது.

அக்கா போனில் ஆத்தா

கடையை அடைக்கும் நேரம். மாணவர் கிளம்பும்போது திரும்பிக் கேட்டார்.

"அண்ணாச்சி, அந்த வீடியோவை யாருக்காவது அனுப்பினீங்களா?"

அண்ணாச்சி யோசித்தார். "திண்டிவனத்துல எங்க அக்காவுக்கு அனுப்பின ஞாபகம்."

"அவங்க போன்ல தேடச் சொல்லுங்க. நம்ம போன்ல அழிச்சா அவங்க போன்ல அழியாது."

போன் பறந்தது. அக்கா பேரனைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். கால் மணி நேரத்தில் வாட்ஸ்அப் 'டிங்' என்றது.

வாட்ஸ்அப்பில் போய் வந்ததால் படம் கொஞ்சம் மங்கல். குரல் மட்டும் தெளிவு. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார் ஆத்தா.

அண்ணாச்சி பேசவில்லை. பேத்தியைத் தூக்கி மடியில் வைத்து, அதை இன்னொரு முறை போட்டார்.

மறுநாள் காலையில் கடையில் புதுக் கணக்கு நோட்டு ஒன்று வந்தது. இப்போது நோட்டிலும் கணக்கு, போனிலும் கணக்கு, மேலே கூகுளிலும் கணக்கு. பாக்கி வைத்தவர்கள்தான் பாவம், தப்பவே முடியாது!