64 மாதம் மெம்பர் இல்லை, யார் கேட்டார்?

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி பேரூராட்சியில் 2016 அக்டோபர் கடைசி முதல் 2022 மார்ச் 2 வரை மக்கள் தேர்ந்தெடுத்த மெம்பர் ஒருவர்கூடக் கிடையாது. தலைவர் கிடையாது, மன்றக் கூட்டமும் கிடையாது. தனி அலுவலர் ஒருவரே மன்றம். தீர்மானம் கொண்டுவருபவரும் அவர்தான், நிறைவேற்றுபவரும் அவர்தான். இப்படிக் கழிந்தவை 64 மாதங்கள்.

கையாலாகாத அரசுகளைப் பற்றியும் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர்களைப் பற்றியும் எழுதுவதென்றால் பொதுவாக ஓட்டுக்குக் காசு என்று ஆரம்பிப்போம். அதை எழுதாத பத்திரிகை இல்லை. குமரி மாவட்டத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: வார்டு மெம்பரைப் பற்றிய அக்கறையின்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். வீட்டுக்கு ஒரு ஆசிரியரோ நர்ஸோ வளைகுடாக்காரரோ இருக்கும் ஊர்கள். காலையில் சாயா குடித்துக்கொண்டே டெல்லி அரசியலை அலசுவார்கள். எந்த ஊரில் எந்தச் சமயத்துக்கு எத்தனை ஓட்டு என்பது நாக்கு நுனியில் இருக்கும். ‘உங்க வார்டு மெம்பர் ஆரு?’ என்று கேட்டுப்பாருங்கள். ‘அதா... நிக்கட்டும், சொல்லுகேன்’ என்று பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைப் பார்ப்பார்கள்.

மெம்பர் போனதே தெரியாதவர்களுக்கு அவர் ஏன் போனார் என்பது மட்டும் எப்படித் தெரியும்? 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் என்று அறிவித்தார்கள். அவசர அவசரமாக வந்த அந்த அறிவிக்கை விதிப்படி இல்லை என்று அக்டோபர் 4-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த ஆண்டு டிசம்பருக்குள் நடத்தி முடிக்கவும் சொன்னது. அதன்பின் வார்டு மறுவரையறை, இடஒதுக்கீட்டுச் சிக்கல், புது மாவட்டங்கள், மேல்முறையீடு, கால நீட்டிப்பு. ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தேர்தல் வந்தது, அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் ஆட்சியே மாறிவிட்டது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது. ஒரு தேர்தல் அறிவிக்கையைச் சட்டப்படி வெளியிடத் தெரியாததில் தொடங்கிய தாமதம் இது. திறமையின்மைக்கு வேறு சான்று வேண்டுமா?

அந்த 64 மாதங்களில் குமரிக்கு என்னென்ன வந்தன என்று பாருங்கள். 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. உள்நாட்டில் ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்து ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2020-ல் கொரோனா. 2021 நவம்பரில் பெருமழை. ரயில் பாதையே அரித்துப்போனது. மூன்று முறையும் பேரூராட்சிகளில் வார்டுக்கென்று ஒரு ஆள் இல்லை. எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு ஓடு போயிற்று, சின்னவிளை, பெரியவிளைக் கரையில் எத்தனை வள்ளம் உடைந்தது, எந்தக் கிழவிக்கு மாத்திரை வாங்கித்தர ஆளில்லை என்று பெயர் சொல்லிக் கணக்குக் கொடுப்பது மெம்பரின் வேலை. வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கு அவர் கைக்கு வராது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக் குழு மானியம் வேறு நிறுத்தி வைக்கப்பட்டது.

‘தனி அலுவலர் காலத்தில்தான் ஓடை வாரினார்கள், மெம்பர் வந்தால் கமிஷன்தான் வரும்’ என்பவர்களும் உண்டு. இருக்கலாம். கமிஷன் வாங்கும் மெம்பரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம், அதிகாரியை என்ன செய்வீர்கள்?

அந்த இடைவெளியில் நாம் ஓட்டே போடவில்லையா என்றால், போட்டோம். 2019 ஏப்ரல் 18-ல் நாடாளுமன்றத் தேர்தல். 2021 ஏப்ரல் 6-ல் சட்டமன்றத்துக்கு ஒன்று, நாடாளுமன்ற இடைத்தேர்தலுக்கு ஒன்று என ஒரே நாளில் இரண்டு பொத்தான் அழுத்திய தொகுதி நம்முடையது. துறைமுகம் வேண்டுமா வேண்டாமா, நான்குவழிச்சாலை எப்போது முடியும், யார் எந்தச் சமயம், யார் எந்தச் சாதி என்று பேச நிறைய இருந்தது. உள்ளாட்சி மேடையில் ஒரு வரியாக வந்து ஒரு வரியாகப் போனது. அதற்காக யாருக்கும் ஓட்டு குறையவில்லை. ஓட்டுக் குறையாத தவறைத் திருத்திக்கொள்ள எந்தக் கட்சிக்குப் பைத்தியமா?

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 வரை நாமும் அவர்களும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான். அங்கே 1995, 2000, 2005, 2010, 2015, 2020, 2025 என்று வரிசை தப்பாமல் உள்ளாட்சித் தேர்தல் நடக்கிறது. 2020-ல் கொரோனா உச்சத்தில்கூட ஒரு மாதம்போலத் தள்ளி, டிசம்பரில் நடத்திவிட்டார்கள். 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். பணம் பஞ்சாயத்துக்கு வந்தால் அங்கே யார் உட்காருகிறார்கள் என்று ஊர்க்காரன் பார்ப்பான். இங்கே 1970-க்குப் பிறகு 1986, அதற்குப் பிறகு 1996 என்று போயிற்று ஊராட்சித் தேர்தல். 1973-ல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சிக்கு 1996 வரை மன்றமே இல்லை. 23 ஆண்டு! அந்தச் சென்னையில் 2022-ல் ஓட்டுப் போட வந்தவர்கள் 43 சதவீதம்தான். பேரூராட்சிகளில் 74 சதவீதம் பேர் வந்தார்கள் என்பது ஆறுதல்.

குமரியில் இன்னொரு தனிச் சிக்கல். 2022 தேர்தலின்போது இங்கே ஊராட்சிகள் 95, பேரூராட்சிகள் 51. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் 82 சதவீதம் பேர் நகரவாசிகள். தென்னந்தோப்பும் கடற்கரையுமாகக் கிடக்கிற ஊர் காகிதத்தில் நகரம். காகிதத்தில் நகரம் என்றால் ஊரக வேலை உறுதித் திட்டம் கிடையாது, கிராம சபையும் கிடையாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் ஊராட்சிக்காரர் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். பேரூராட்சிக்காரருக்கு அந்த வாய்ப்பே நெடுங்காலம் இல்லை. நகர்ப்புறங்களுக்குப் பகுதி சபா என்று ஒன்றை 2022 நவம்பர் 1-ல்தான் முதன்முதலாகக் கூட்டினார்கள். மன்றமும் இல்லாமல் சபையும் இல்லாமல் போன அந்த 64 மாதம், இந்த மாவட்டத்துக்கு இரட்டை இழப்பு.

2022-ல் வந்த மன்றம் எப்படி வந்தது? பேரூராட்சித் தலைவரை 2011-ல் நாமே நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். 2019-ல் அந்த உரிமை போய், மெம்பர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. போனதற்கு எவரும் அழவில்லை. தேர்தல் முடிந்து ஆறாவது வாரம் சொத்து வரி உயர்வு அறிவிப்பு: ஊரையும் கட்டடப் பரப்பையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை. புது மெம்பர்கள் நாற்காலியின் உயரம் பழகுவதற்குள் வரித் தீர்மானம் மேசைக்கு வந்தது. 2011 தேர்தல் முடிந்த கையோடு பதினெட்டு வயதான பிள்ளைக்கு உள்ளாட்சியில் முதல் ஓட்டுக் கிடைத்தபோது வயது இருபத்தெட்டு. பத்தாண்டு கேட்காமலே பழகியவன் திடீரென்று எதைக் கேட்பான்? என் கவலையெல்லாம் இதுதான். ரோடு பழுதானால் போட்டுக்கொள்ளலாம். கேட்கிற பழக்கம் விட்டுப்போனால் திரும்ப வருவது கஷ்டம்.

இத்தனைக்கும் கேட்க வேண்டிய விஷயம் காலடியிலேயே கிடக்கிறது. 1909-ல் ஒரு ஜெர்மானிய வேதியியலாளர், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிவந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்த நாள் முதல் மணவாளக்குறிச்சி மணலுக்கு உலக விலை உண்டு. மேற்கே கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1-ல் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. ஆதரவோ எதிர்ப்போ, ஊரின் குரல் அரசுக் காகிதத்தில் அழுத்தமாக ஏறுவதற்குத் தேர்ந்தெடுத்த மன்றத்தின் தீர்மானம் வேண்டும். ஊராட்சிகளின் பதவிக்காலமோ 2025 ஜனவரி 5-ல் முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

இலங்கையில் 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைப் பணமில்லை என்று நிறுத்தினார்கள். மக்கள் வழக்குப் போட்டார்கள். அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6-ல் தேர்தல் நடந்தது. திவாலான நாட்டு வாக்காளருக்கு இருந்த ரோஷம் நமக்கும் இருக்கலாம்.

மணவாளக்குறிச்சி மன்றத்தின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த தேர்தலுக்கு வார்டு வரையறையும் வாக்காளர் பட்டியலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் இப்போதே ஒரு மனு எழுதிப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.