நனையாத ஈயும் நீருக்கடியில் ஒரு சாளரமும்

கருங்கல் வட்டாரத்துக் குளம் ஒன்றின் கரையில், காற்று அடங்கிய மாலை வேளையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். மழை இல்லை, யாரும் கல்லெறியவும் இல்லை. ஆயினும் நீர்ப்பரப்பில் ஆங்காங்கே சிறு வளையங்கள் தோன்றி விரியும். நீரில் விழுந்த பூச்சியை ஒரு மீன் கீழிருந்து கவ்விக்கொண்டதன் அடையாளம் அது. முள்ளில் மண்புழு கோத்து நீருக்குள் இறக்கும் நம் தூண்டிற்காரர் அந்த வளையத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், அந்த வளையத்தையே நம்பி மீன் பிடிக்கும் முறையும் ஒன்று உண்டு. இறகும் நூலும் கொண்டு செய்த பொய்ப் பூச்சி ஒன்றை ஓடும் நீரில் மூழ்காமல் மிதக்கவிட்டு, டிரவுட் என்னும் மீனை ஏமாற்றுவதே அம்முறை. ஆங்கிலத்தில் 'டிரை ஃபிளை' எனப்படும் இதனை நாம் 'நனையாத ஈ' எனலாம். பாடநூலில் நாம் படிக்கும் இயற்பியல் விதிகள் பல இந்த விளையாட்டில் ஒன்றுகூடியிருக்கின்றன.

நீலகிரிக்கு வந்த மீன்

டிரவுட் நம் நாட்டு மீன் அன்று. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் 1860களில் அதனை நீலகிரியில் வளர்க்க முயன்றார், அம்முயற்சி வேரூன்றவில்லை. பின்னர் எச்.சி. வில்சன் என்பவரின் உழைப்பால் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஒன்று அமைந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் நிலைத்துவிட்டது. நனையாத ஈயைக் கொண்டு அதனைப் பிடிக்கும் கலையோ, தென் இங்கிலாந்தின் தெளிந்த ஆறுகளில் வளர்ந்தது. பிரெடரிக் ஹால்ஃபோர்டு 1886இல் வெளியிட்ட நூல் அக்கலையைப் பரப்பியது.

இரும்பு முள் மிதப்பது எப்படி?

பொய் ஈயின் உள்ளே இருப்பது எஃகு முள். எஃகு நீரைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு அடர்த்தி உடையது. பின் ஏன் மூழ்குவதில்லை? குளத்து நீரின்மேல் நீண்ட கால்களை ஊன்றி வழுக்கி ஓடும் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதனைத் தாங்கும் பரப்பு இழுவிசையே இதனையும் தாங்குகிறது.

20 டிகிரி செல்சியஸில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.073 நியூட்டன். ஈயின் எடை 50 மில்லிகிராம் எனக் கொள்வோம். கணக்கிட்டால், நீரும் ஈயும் தொடும் கோடு 7 மில்லிமீட்டர் நீளம் இருந்தாலே அந்த எடையைத் தாங்க முடியும் எனத் தெரியும். ஈயின் கழுத்தைச் சுற்றிக் கட்டப்படும் சேவல் இறகின் இழைகள் பல. அவற்றின் மொத்த நீளம் இதைவிடப் பன்மடங்கு. ஆனால், இழைகள் நனையாதிருக்க வேண்டும். அதற்காகவே எண்ணெய்ப் பசை தடவுவார்கள். நீரில் இடுமுன் காற்றில் முன்னும் பின்னும் வீசி ஈரத்தை உதறுவார்கள்.

நீங்களே இதனைச் செய்து பார்க்கலாம். தையல் ஊசியில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, கிண்ணத்து நீரின்மேல் கிடையாக மெல்ல வையுங்கள். மிதக்கும். ஒரு சொட்டுச் சோப்பு நீரை விடுங்கள். ஊசி உடனே மூழ்கிவிடும்.

மீனின் சாளரம்

இனி, மீனின் இடத்திலிருந்து பார்ப்போம். நீரிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளியின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 48.6 டிகிரி. ஆகவே, மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அவ்வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு வெறும் கண்ணாடிதான். முழு அக எதிரொளிப்பால் ஆற்றின் அடித்தரையே அதில் தெரியும். 1906இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், நீர் நிரப்பிய ஊசித்துளைக் கேமராவால் படமெடுத்து இக்காட்சியை உலகுக்குக் காட்டினார்.

30 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு இச்சாளரத்தின் விட்டம் 68 செ.மீ. 10 செ.மீ. ஆழத்துக்கு ஏறிவந்தால் 23 செ.மீ. மட்டுமே. ஓடிவரும் ஈ சாளரத்துக்கு வெளியே இருக்கும்போது மீனுக்கு அதன் உடல் தெரியாது. அதன் கால்கள் நீர்த்தோலை அழுத்தும் குழிகள் மட்டும் கண்ணாடியில் ஒளிப்புள்ளிகளாக மின்னும். அருகே வர, முதலில் சிறகின் நுனி சாளர விளிம்பில் எட்டிப் பார்க்கும். பிறகே முழு உருவம். இறகிழைகள் நன்கு மிதந்து குழிகளைச் சரியாக உண்டாக்கினால், மீனின் ஐயம் பாதி தீர்ந்தது எனலாம்.

தூண்டிற்காரர் குனிந்து நடப்பதற்கும் காரணம் இதுவே. தொடுவானத்திலிருந்து 10 டிகிரி உயரம் வரை உள்ள காட்சி முழுவதும், சாளரத்தின் ஓரத்தில் வெறும் 1 டிகிரி அகலத்துக்குள் நசுங்கி மங்கிவிடுகிறது. 170 செ.மீ. உயரமுள்ளவர் 10 மீட்டர் தொலைவில் நின்றால் இந்த ஓரத்துக்குள் மறைந்துவிடுவார். குந்தி உட்கார்ந்து உயரத்தை 1 மீட்டராகக் குறைத்தால் 6 மீட்டர் வரை நெருங்கலாம்.

ஏன் மாலையில்?

ஆற்றில் வளரும் மே-ஃபிளை போன்ற பூச்சிகள் சிறகு முளைத்தபின் சில மணி நேரமோ, ஓரிரு நாட்களோதான் வாழும். நம் ஊரில் மழைக்குப்பின் ஈசல் கிளம்புவதுபோல அவை கூட்டமாகக் கிளம்பும். வெயில் தணிந்து காற்றில் ஈரம் கூடும் அந்தி வேளை அவற்றில் பலவற்றுக்கு ஏற்றது. முட்டையிட்டதும் அவை நீரில் விழுந்து மடிகின்றன. மீன்களும் மேலேறி வருகின்றன. மங்கிய ஒளியில் ஈயின் நிறத்தைவிட, வானத்தின் பின்னணியில் தெரியும் அதன் நிழலுருவே மீனுக்கு முக்கியம். ஆனால், மேலேறிய மீனின் சாளரம் சிறியது என்று கண்டோம் அல்லவா? ஆகவே, ஈ அதன் தலைக்கு நேராக வராவிட்டால் மீன் அதனைக் காணாமலே விட்டுவிடும்.

குளிர்ந்த காற்று, ஆறாத நீர்

மீன் ஏமாறும் அதே வேளையில் மனிதனும் ஏமாறக்கூடும். வெயில் சாய்ந்ததும் மலைக்காற்று விரைவில் குளிர்கிறது. நீரும் குளிர்ந்திருக்கும் என எண்ணிவிடுகிறோம். ஒரு லிட்டர் நீரை 1 டிகிரி குளிர்விக்க, ஒரு லிட்டர் காற்றிலிருந்து நீக்குவதைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை நீக்க வேண்டும். எனவே, ஓடை நீர் பிற்பகலின் பின்பகுதியில் உச்ச வெப்பத்தை அடைந்து, இரவு முழுவதும் மெல்ல ஆறி, விடியலில்தான் மிகக் குளிர்ந்திருக்கும்.

இதில் மீனின் உயிரே அடங்கியிருக்கிறது. வானவில் டிரவுட் 10 முதல் 16 டிகிரி வரையுள்ள நீரில் செழிக்கும். 25 டிகிரியை நெருங்கினால் அதன் உயிருக்கு ஆபத்து. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பது இதற்குக் கூறப்படும் காரணம். அது ஒரு பகுதிதான். கடல் மட்டத்தில் 30 டிகிரி நீர், லிட்டருக்கு 7.6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும். காற்றழுத்தம் குறைந்த 2,000 மீட்டர் உயரத்தில், 20 டிகிரி நீரும் ஏறத்தாழ 7 மில்லிகிராமே கொள்ளும். அப்படியானால் கருங்கல் குளத்தில் டிரவுட் வாழலாமே? வாழாது. வெப்பம் ஏற ஏற மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜனின் அளவும் வேகமாகக் கூடுகிறது. வரவு சற்றே குறைய, செலவு பெருகிவிடுகிறது.

முள்ளில் சிக்கிப் போராடும் மீனுக்கு இச்செலவு இன்னும் கூடும். பிடித்த மீனைத் திரும்ப நீரில் விட்டுவிடும் நல்லெண்ணம் உடையவரும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். ஆறாத நீரில் களைத்த மீன், கையை விட்டு நீந்திச் சென்றபின் மடிந்துபோகக்கூடும். ஏப்ரல், மே மாதங்களில் மலை ஓடைக்குத் தூண்டிலோடு செல்பவர், அதற்குரிய அனுமதியோடு வெப்பமானி ஒன்றையும் எடுத்துச் செல்வது நலம். நீர் 20 டிகிரியைத் தாண்டியிருந்தால் முள்ளை மடக்கி வைத்துவிட்டு வளையங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். விடியற்காலையில் வந்தால் அதே ஓடை குளிர்ந்திருக்கும்.