அம்மா போட்ட கூழ் வடாம்

சென்ற புரட்டாசியில் மன்னார்குடியில் என் அம்மா இறந்து போனாள். அண்ணன் வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. எனக்கோ, உங்கள் வீட்டில் எப்படியோ, எங்கள் வழக்கப்படி கல்யாணமான பெண்ணுக்கு 3 நாள்தான் தீட்டு. காரியமெல்லாம் முடிந்து கும்பகோணம் திரும்பிய மறுநாளே இட்லிக்கு ஊறப் போட்டேன்.

அடுத்த மாதமே தீபாவளி. புகுந்த வீட்டில் பண்டிகையை நிறுத்த முடியுமா? புதுப் புடவை கட்டிக் கொண்டு அதிரசம் சுட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு எண்ணெய்ப் புகை என்றேன். வருஷா வருஷம் அம்மா அனுப்பும் தீபாவளி மருந்து மட்டும் வரவில்லை. யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை, வழக்கம் அப்படி.

அப்போதெல்லாம் அடக்கி வைத்த அழுகை மே மாதம் அன்னையர் தினத்தன்று வந்தது. செல்போனைத் திறந்தால் ஊரெல்லாம் அம்மாவோடு போட்டோ. 'உங்கள் அம்மாவுக்கு என்ன வாங்கினீர்கள்?' என்று ஒரு நகைக் கடையின் மெசேஜ் வேறு! அந்த நேரம் பார்த்து என் 9 வயதுப் பெண் தானே வரைந்த வாழ்த்து அட்டையை நீட்டினாள். "இதெல்லாம் யாருடி கேட்டா?" என்று கத்திவிட்டேன். குழந்தையின் முகம் சுண்டிப் போயிற்று.

அம்மா போன கத்திரி வெயிலில் போட்டுக் கொடுத்த கூழ் வடாம் அரை பாட்டில் மீதி இருந்தது. பொரிக்க மனசு வராமல் 8 மாதமாக வைத்திருந்தேன். அதை மடியில் வைத்துக் கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மாமியார் அதிகம் பேச மாட்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எங்கம்மா போனப்போ இவன் வயத்துல 7 மாசம். பிள்ளைத்தாச்சி பாக்கப்படாதுன்னு முகத்தைக்கூடக் காட்டலை. நீயாவது அழுதுடு" என்றார். கல்யாணமாகி 13 வருஷத்தில் இதை அவர் சொல்லிக் கேட்டதில்லை. பிறகு, "வெச்சுண்டே இருந்தா பூச்சிதான் வரும், பொரி" என்று வாணலியை வைத்தார்.

சாப்பிடும்போது என் கணவர் செல்போனில் படித்துக் காட்டினார். இந்த நாளைத் தொடங்கி வைத்தவரே தாயை இழந்த ஒரு மகள்தானாம். அமெரிக்காவைச் சேர்ந்த அன்னா ஜார்விஸ். அவர் அம்மா இறந்தது 1905 மே மாதம். 1908ல் கிராஃப்டன் என்ற ஊர் சர்ச்சில் அம்மா நினைவாக நடந்த பிரார்த்தனைக்கு, அம்மாவுக்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூக்கள் 500 அனுப்பினாராம். 1914ல் அரசாங்கமே இந்த நாளை அறிவித்தது. பின்னால் பூக்கடைக்காரர்களும் வாழ்த்து அட்டைக்காரர்களும் இதை வியாபாரமாக்கியபோது அவரே சண்டைக்குப் போயிருக்கிறார். நான் என்னவோ, அம்மா இருக்கிறவர்களுக்கான நாள் என்று பொருமிக் கொண்டிருந்தேன்.

மகளிடம் அட்டையைக் கேட்டு வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து மாமியாரும் நானும் மொட்டை மாடியில் வடாம் போட்டோம். அம்மாவின் பக்குவத்தை நான் கேட்டு வைத்துக் கொள்ளவே இல்லை. "பாட்டி பெருங்காயத்தைக் கரைச்சு ஊத்துவா, எலுமிச்சம்பழம் கடைசியிலதான்" என்று சொன்னது என் பெண்!

நாலு பாட்டில் தேறியது. ஒன்றை அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மன்னி போன் பண்ணி, "நன்னாருக்கு, உப்புதான் ஒரு கல்லு கம்மி" என்றாள். அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.