லெக்சஸ் என்னும் மோட்டார் வண்டி

ஜப்பான் தேயத்து டொயோட்டா கம்பெனியார், செல்வர் விரும்பும் வண்டிகளைத் தனிப் பெயரிட்டு விற்கக் கருதி, 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'லெக்சஸ்' என்னும் பெயரை வழங்கலாயினர். அன்று வெளிவந்த இரண்டனுள் சிறியது இ.எஸ். என்பது. அது தன் சொந்த நாட்டில் அப்பெயரோடு விற்பனைக்கு வந்தது 2018இலேதான். முன்னர்ச் சில்லாண்டுகள் அங்கே 'விண்டம்' என வேறு பெயர் பூண்டு ஓடிற்று. பிறந்த வீட்டிற் பெயர் மறைத்து வாழ்ந்த பிள்ளை போலும்!

2020 ஜனவரி முதல் பெங்களூரை அடுத்த பிடதியில் இதனை அமைக்கத் தொடங்கினர். அஞ்ஞான்று விலை 51.90 இலட்சம் ரூபாய். மெத்தை, தோலுறை முதலியன பற்றி விளம்பரங்களே விரித்துரைக்குமாதலின் அவற்றை விடுத்து, அகத்தே உள்ளதொரு பொறியை நோக்குவோம்.

இவ்வண்டியில் இரண்டரை லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் உடனுறைகின்றன. இரண்டும் கூடி 218 குதிரைத்திறன் தரும். மோட்டாருக்கு வேண்டும் மின்சாரத்தை வண்டி தானே ஈட்டிக்கொள்ளும். எங்ஙனமெனின், நம் தொப்பூர்க் கணவாயையே சான்றாகக் கொள்க.

தருமபுரியினின்று சேலம் நோக்கி இறங்கும் லாரி ஓட்டுநருட் சிலர், டீசல் மிச்சமாகுமென்று கியரை நியூட்ரலில் விட்டுவிடுவர். அப்பொழுது எஞ்சினின் தடை நீங்கிப் பாரமனைத்தும் பிரேக்கின்மேல் விழும். இடையறாது தேய்ந்த பிரேக் சூடேறிப் பிடிப்பிழக்கும். 2024 ஜனவரியில் இக்கணவாயிற் கட்டிழந்த லாரியொன்று மோத, நால்வர் மாண்டனர்.

லெக்சஸ் வண்டியிலோ, இறங்குங்கால் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்ற, அது மின்னாக்கியாய் மாறிப் பாட்டரியை நிரப்பும். அச்சுழற்சியே வேகத்தையும் தடுக்கும். ஆட்களோடு இரண்டு டன் அளவுள்ள வண்டி நூறு மீட்டர் உயரம் இறங்கின், ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரத்துக்கு ஒத்த ஆற்றல் வெளிப்படும். வீணே வெப்பமாய்க் கழியவேண்டிய அதில் ஒரு பகுதி, அடுத்த மேட்டில் ஏறுதற்கு உதவுகின்றது. லாரி ஓட்டுநர் நாடிய சிக்கனமும் இதுவே, வழிதான் நேர்மாறானது.

பாட்டரி சிறிதாதலின் நெடிய இறக்கத்தில் நிரம்பிவிடுவதுண்டு. அந்நிலையில் பெட்ரோலின்றி எஞ்சினைச் சுழலவிட்டு வேகத்தை அடக்குவர். இவ்வண்டியையும் நியூட்ரலில் விடின், மின்சாரம் சிறிதும் விளையாது, தடையும் இராது, பிரேக் ஒன்றே துணையாகும்.