சராசரி சொல்லாத சேதி

பாலக்கோடு அரசு மருத்துவமனையில் காய்ச்சலுக்காகச் சேர்ந்த ஒருவரின் கட்டிலருகே ஓர் அட்டை தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு 98.4 டிகிரி, நண்பகலில் 99, மாலை 4 மணிக்கு 104, இரவு 10 மணிக்கு 99.4. நான்கையும் கூட்டி வகுத்தால் சராசரி 100.2 டிகிரி ஃபாரன்ஹீட். சராசரியை மட்டும் கேட்டுக்கொண்ட டாக்டர், "இலேசான காய்ச்சல்தான்" என்று போய்விடுவார். அட்டையைப் பார்த்தவரோ மாலைக் காய்ச்சலின் காரணத்தைத் தேடத் தொடங்குவார்.

மாணவ நண்பர்களே, கணிப்பொறிகளுக்கும் இத்தகைய அட்டை உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா?

மும்பை, ஐதராபாத் போன்ற நகரங்களில், பெரிய கட்டடங்களுக்குள் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தொலைவிலிருந்தே வாடகைக்குப் பயன்படுத்தும் முறைக்கு மேகக் கணிமை என்று பெயர். அங்குள்ள ஒரு கணிப்பொறிக்கு எவ்வளவு வேலை என்பது எல்லா நேரமும் ஒரே சீராக இருப்பதில்லை. 2021 ஏப்ரல் 28 அன்று மாலை 4 மணிக்கு, 18 வயது நிறைந்தவர்களுக்கான கொரோனா தடுப்பூசிப் பதிவு கோவின் இணையத்தளத்தில் தொடங்கியது. அன்று 1.3 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். நாளின் 1,440 நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 9 ஆயிரம் பேர். ஆனால் முதல் மூன்று மணி நேரத்திலேயே 80 லட்சம் பேர் பதிந்துவிட்டனர். அதாவது நிமிடத்துக்குச் சுமார் 44 ஆயிரம்! சராசரியை நம்பி ஏற்பாடு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இத்தகைய நெருக்கடிகளைக் கண்காணிப்பதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. அமேசான் நிறுவனம் 2009-இல் தொடங்கிய கிளவுட்வாட்ச் அவற்றுள் ஒன்று. கணிப்பொறியின் மையச் செயலகம் தன் திறனில் எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்பது போன்ற அளவீடுகளை நிமிடத்துக்கு ஒருமுறை அதில் குறித்து வைக்கலாம். பின்னர் நாம் கேட்கும்போது, எந்த அளவீடு, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, எத்தனை நிமிட இடைவெளியில் என்று சொல்ல வேண்டும். சராசரி, பெருமம், சிறுமம், கூட்டுத்தொகை, அளவீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் எது வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது இக்கேள்விகளை மனிதர் மட்டும் கேட்பதில்லை. செயற்கை நுண்ணறிவு முகவர்களும் கேட்கின்றன. முகவர் என்பது, நாம் சொன்ன வேலையை முடிக்கத் தானே படிப்படியாக முயலும் நிரல். அதற்குத் தானாக இந்த எண்கள் தெரியா. நிரப்ப வேண்டிய படிவம் போன்ற ஒரு கருவியை அதன் கையில் கொடுக்கிறோம். அது படிவத்தை நிரப்புகிறது. கருவி எண்களைக் கொண்டு வருகிறது. முகவர் அவற்றைப் படித்து விடை சொல்கிறது. இத்தகைய கருவிகளை இணைப்பதற்கான ஒரு பொதுமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பது அதன் பெயர்.

தவறு நேரக்கூடிய இடம் இங்கேதான் இருக்கிறது. கிளவுட்வாட்சின் புள்ளிவிவரக் கோரிக்கை ஒரு தடவைக்கு 1,440 புள்ளிகளுக்கு மேல் தராது. ஒரு வாரத்தின் நிமிடக் கணக்கோ 10,080 புள்ளிகள். ஆகவே முகவர் இடைவெளியை ஒரு மணி நேரமாக்கினால் 168 புள்ளிகளில் வேலை முடிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் 55 நிமிடம் 20 விழுக்காடும், 5 நிமிடம் 100 விழுக்காடும் அக்கணிப்பொறி உழைத்தது எனக் கொள்வோம். சராசரி எவ்வளவு? ஏறத்தாழ 27 விழுக்காடு! "கணிப்பொறி நலம்" என்று முகவர் சொல்லிவிடும். கணக்கில் பிழை இல்லை; கேள்வியில்தான் பிழை. அந்த ஐந்து நிமிடத்தில் திறக்காத பக்கத்தின் முன் காத்திருந்தவர்களை அந்தச் சராசரி மறைத்துவிட்டது.

பெருமத்தையும் சேர்த்துக் கேட்டால் 100 என்ற எண் எச்சரிக்கும். பிறகு அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் நிமிட இடைவெளியில் கேட்டால் உண்மை புலப்படும். ஆனால் தாமதம் கூடாது. நிமிட அளவீடுகள் அங்கே 15 நாள் வரைதான் இருக்கும். 5 நிமிடத் தொகுப்பு 63 நாள், ஒரு மணி நேரத் தொகுப்பு 455 நாள். ஓராண்டு கழித்துக் கேட்டால், அந்த மணி நேரத்தில் பெருமம் 100 என்பது தெரியுமே தவிர, எந்த நிமிடத்தில் என்பது தெரியாது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். மாலையில் பள்ளி விடும் நேரம் உள்ளடங்கிய ஒரு மணி நேரத்தில், பள்ளி வாசலைக் கடக்கும் சைக்கிள்களை 5 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக் குறியுங்கள். பன்னிரண்டு எண்களின் சராசரியையும் பெருமத்தையும் கண்டு ஒப்பிடுங்கள். வாசலை எவ்வளவு அகலமாக வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் உங்களைக் கேட்டால், இரண்டில் எந்த எண்ணைச் சொல்வீர்கள்?