நகரத் தோட்டங்களுக்கு ஏற்ற சதைப்பற்றுச் செடிகள்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வாசலிலும் மொட்டை மாடியிலும் தொட்டிச் செடி வளர்ப்போர் பலர். சோற்றுக்கற்றாழை, பிரண்டை, ரணகள்ளி, மேசை ரோஜா, அடினியம் போன்ற சதைப்பற்றுள்ள செடிகளை இவர்கள் விரும்பி வாங்குகின்றனர். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் சிறு விவசாயிகள் ஐந்து சென்ட் நிலத்திலேயே இக்கன்றுகளை உற்பத்தி செய்யலாம். ஆனால் விற்ற செடி ஒரு மழையில் அழுகிவிட்டால் வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். ஆகவே செடியின் தன்மையை அறிந்து வளர்ப்பதும், அதை வாங்குபவருக்கு எடுத்துச் சொல்வதும் அவசியம்.

நீரைச் சேமிக்கும் விதம்

மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. அப்போது நீரும் ஆவியாகிறது. கற்றாழை, ரணகள்ளி போன்றவை பகலில் துளைகளை மூடி, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் ஏற்ற வாயுவை அமிலமாகச் சேர்த்து வைத்து, மறுநாள் வெயிலில் உணவு தயாரிக்கின்றன. இதனால் குறைந்த நீரே போதுமானது.

வறட்சியைவிட ஈரமே பகை

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை பெய்கிறது. இதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. நகர ஏரிகள் வறண்ட 2019 கோடையைப் போன்ற பஞ்சத்தை இச்செடிகள் தாங்கும். அடையாறு கரைபுரண்ட 2015 டிசம்பரைப் போன்ற மழையைத் தாங்கா. நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. பூஞ்சாணம் புகுந்து தண்டின் அடி அழுகும்.

மண்

மயிலாப்பூர் முதல் திருவான்மியூர் வரை கடலோரம் மணற்பாங்கானது. நீர் எளிதில் வடியும். தியாகராய நகரோ 1920-களில் பெரிய ஏரியைத் தூர்த்து உருவாக்கிய ஊர். களிப்பாங்கான இடங்களில் ஓரடி உயரத்திற்கு மேட்டுப்பாத்தி அமைத்து நடவேண்டும். தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் அல்லது உடைத்த செங்கல் இரண்டு பங்கு, மக்கிய தொழு எரு ஒரு பங்கு கலந்து இடலாம். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அதைத் தவிர்க்கவும். தொட்டியின் அடித்துளையை ஓட்டுச் சில்லால் லேசாக மூடினால் போதும், அடைத்துவிடக் கூடாது.

கன்று உற்பத்தி

சோற்றுக்கற்றாழையின் பக்கக் கன்றுகள் 15 செ.மீ. வளர்ந்ததும் வேருடன் பிரிக்கவும். பிரண்டையை இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கலாம். ரணகள்ளியின் இலையை ஈரமண்ணில் வைத்தாலே ஓரங்களில் கன்று முளைக்கும். வெட்டிய துண்டுகளை உடனே நடாமல், இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் காய்ந்த பின் நடவேண்டும். இல்லையெனில் அழுகும்.

நீர்ப் பாய்ச்சல்

விரலை இரண்டு அங்குலம் மண்ணில் நுழைத்துப் பார்க்கவும். ஈரமிருந்தால் நீர் வேண்டாம். கோடையில் வாரம் ஒருமுறை அல்லது இருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டிகளைத் தாழ்வாரத்தின் கீழ் நகர்த்தி, அடித்தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிடவும்.

பயிர்ப் பாதுகாப்பு

மாவுப்பூச்சி தென்பட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கவும். முதலில் ஒரு செடியில் தெளித்துச் சோதிப்பது நல்லது. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் பார்வைக்குத் தீங்கும் விளையும். வெட்டும்போது கவனம் தேவை. குழந்தைகள் எட்டாத இடத்தில் வளர்க்கவும்.

கழித்த கள்ளித் துண்டுகளைப் புறம்போக்கில் வீசக்கூடாது. சாயப்பூச்சி வளர்ப்பதற்காக 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தார். கள்ளிக்கு அன்று அத்தனை மதிப்பு. பின்னாளில் சப்பாத்திக்கள்ளி விளைநிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆக்கிரமித்தது. 1926-இல் இலங்கையிலிருந்து தருவித்த பூச்சியினத்தைக் கொண்டே அதை ஒடுக்க முடிந்தது.

விற்பனை

சோற்றுக்கற்றாழையை ஏக்கர் கணக்கில் நட எண்ணுவோர் முதலில் வாங்குபவரை உறுதி செய்துகொள்ள வேண்டும். வெட்டிய இலையின் தரம் சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கும். ஆலை அருகில் இல்லையெனில் விளைச்சல் வீணாகும். கன்று விற்று மொத்தமாகத் திரும்ப வாங்குகிறோம் என்போரிடம் எழுத்து மூலமான ஒப்பந்தமின்றிப் பணம் கட்ட வேண்டாம்.

தொட்டிக் கன்றுகளில் இந்த ஆபத்து குறைவு. விற்காத கன்று அடுத்த மாதம் இன்னும் பெரிதாகி நிற்கும். பிரண்டையின் இளந்தண்டு துவையலுக்கும் விலை போகும். முதலாண்டு நூறு கன்றுகளுடன் தொடங்கி, விற்பனையைப் பார்த்துப் பெருக்குவதே சிறு விவசாயிக்கு உகந்தது. மாவட்டத் தோட்டக்கலை அலுவலரையோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறலாம்.