கொடிக்காலில் ஒரு கத்திச் சோதனை

தாமிரபரணி கடலை நெருங்குமிடத்தில் உள்ளது ஆத்தூர். அவ்வூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலைக் கொடிக்கால்களில் வாடல் நோய் புகுந்தால் கைகொடுப்பது 'போர்டோ கலவை'. மயில்துத்தக் கரைசலும் சுண்ணாம்புப் பாலும் சேர்ந்த மருந்து அது. பிரான்சின் போர்டோ நகரப் பேராசிரியர் மில்லார்டே 1885-இல் திராட்சைக்காக அறிவித்தது.

சுண்ணாம்பு குறைந்தால் கரைந்த தாமிரம் மிஞ்சி இலையைக் கருக்கிவிடும். போதுமா என்று எப்படி அறிவது? தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுக்க வேண்டும். செம்பழுப்புப் படலம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். பளபளப்பு மாறாவிட்டால் தெளிக்கலாம்.

அந்தப் படலம் துருவன்று, தாமிரமேதான்! இரும்பு அணு ஒவ்வொன்றும் இரண்டு எலெக்ட்ரான்களைத் தாமிர அயனிக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரைகிறது; தாமிரம் உலோகமாகப் படிகிறது. 56 கிராம் இரும்பு கரைந்தால் 63.5 கிராம் தாமிரம் வெளிவரும். இதுவே இடப்பெயர்ச்சி வினை. சுண்ணாம்பு போதுமானால் தாமிரம் கரையாத சேர்மமாகிவிடும், கத்திக்கு அகப்படாது.

இதையே திருப்பிச் செய்து பாருங்கள். அன்னபேதிக் கரைசலில் தாமிரக் கம்பியை இட்டால் ஒன்றும் நிகழாது. எலெக்ட்ரானை எளிதில் விடும் உலோகமே மற்றதை வெளியேற்றும். துத்தநாகம், இரும்பு, தாமிரம், வெள்ளி என்பது அந்த வரிசை. (மின்கலப் பாடத்தில் நான் நடத்துவதும் இதே வரிசைதான்!)

போர்டோ கலவையை இரும்பு வாளியில் தயாரிக்கக் கூடாது என்பதும் இதனால்தான். வாளி அரிக்கும், மருந்தின் தாமிரமும் வாளியிலேயே படிந்துவிடும். துத்தநாகம் பூசிய வாளியும் தப்பாது. மண்பானையோ பிளாஸ்டிக் தொட்டியோ போதும்.